சாவி அதே ஆணியில்தான் தொங்குகிறது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மகன் பிளஸ் ஒன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றான்.

"அம்மா, ஸ்கூட்டரை எடுத்துட்டு சில்வர் பீச் போயிட்டு வரேன். மூணு பேர்தான்."

மூணு பேர்'தான்'!

வழக்கமாக இந்த இடத்தில் நான் கத்துவேன், அவன் கதவைப் படாரென்று சாத்துவான். அன்று தோசை கருகிவிடுமே என்ற அவசரத்தில் வாயில் வந்தது ஒரே சொல்: "அப்புறம்?"

"அப்புறம் என்ன, வந்துடுவோம்."

"போலீஸ் பிடிச்சா?"

"பிடிக்க மாட்டாங்க."

"பிடிச்சா? அப்புறம்?"

போனை நோண்டினான். மூன்றாவது தோசை வேகும்போது அவனே வாசித்தான். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். 18 வயது ஆகாதவன் ஓட்டி மாட்டினால் பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. நான் ஜெயிலுக்குப் போவதை அவன் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அந்த 25 என்ற இடத்தில்தான் முகம் மாறியது.

இதையே நான் சொல்லியிருந்தால் "ஆரம்பிச்சிட்டியா" என்றிருப்பான்.

சரி, சட்டம் தெரிந்துவிட்டது. போதுமா? இந்த வயசுப் பிள்ளைகளுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. தனியாக இருக்கும்போது ஓரளவு நம்மைப் போலத்தான் யோசிக்கிறார்கள். கூட்டாளிகள் பார்க்கும்போதுதான் சறுக்குகிறது. தேவனாம்பட்டினம் ரோட்டில் பின்னாலிருந்து ஒருத்தன் "முறுக்குடா" என்றால், அங்கே யோசிக்க நேரம் ஏது? பதிலை வீட்டிலேயே யோசித்து எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும்.

"அவனுங்க வண்டி எங்கடான்னு கேட்டா என்ன சொல்லுவ?"

ஒரு தோசையை முழுசாகத் தின்று முடித்தபிறகு சொன்னான்: "எங்கம்மா சாவியை ஒளிச்சு வச்சிட்டாங்கன்னு சொல்லிடவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாராளமாகச் சொல்லிக்கோ என்றேன். அன்று மூன்று பேரும் சைக்கிளில் போய், சட்டையெல்லாம் உப்பும் மணலுமாகத் திரும்பினார்கள்.

போன வாரம் அதில் ஒருவன் ஆதார் ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தான். சில்லறையை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"ஆன்ட்டி, பாவம் அவன். சாவியை எங்க வச்சிருக்கீங்கன்னாவது சொல்லிடுங்களேன்."

"போடா, சொல்ல மாட்டேன்" என்றேன், முகத்தை முடிந்த மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.