முகம் பார்க்காமல் விடைகொடுத்த துக்கம்

தமிழ்நாட்டில் ஒருநாள் தொற்று 36 ஆயிரத்தைத் தாண்டிய 2021 மே மாதத்தில், மதுரையில் என் அப்பா கொரோனாவால் காலமானார். உறையிட்டு மூடிய உடலைப் பாதுகாப்பு உடையணிந்த ஊழியர்களே தத்தனேரி மயானத்துக்குக் கொண்டுசென்றதால், நாங்கள் முகம் பார்க்கவில்லை. முழு ஊரடங்கில் துக்கம் விசாரிக்க வரவேண்டியவர்கள் தொலைபேசியோடு நிறுத்திக்கொண்டார்கள். பதினாறாம் நாள் காரியத்தை அம்மாவும் தம்பியும் நானும் மட்டுமே முடித்தோம்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆம்புலன்ஸ் சைரன் கேட்டால் உள்ளங்கை வியர்த்தது, நள்ளிரவில் விழித்தால் பிறகு தூக்கம் பிடிக்கவில்லை, அற்பக் காரணங்களுக்கெல்லாம் தம்பியிடம் எரிந்து விழுந்தேன். மூத்த பிள்ளை கலங்கக்கூடாது என்று உறவினர்கள் சொன்னது அன்பினால்தான் என்றாலும், அது என் வாயை அடைத்தது.

அம்மாவின் வற்புறுத்தலால் 104 உதவி எண்ணை அழைத்து, பின்னர் அரசு மருத்துவமனையில் மனநல ஆலோசகர் ஒருவரையும் பார்த்தேன். நம்பிக்கையோடு இருங்கள் என்ற வழக்கமான உபதேசத்தை அவர் செய்யாததே பெரிய ஆறுதல். கோபம் எழும்போது, பேசுவதற்கு முன் உடலில் எங்கே என்ன நிகழ்கிறது என்று கவனித்து, அதன் அடியில் இருப்பது பயமா, ஏக்கமா, குற்றவுணர்வா என்று எழுதிவைக்கச் சொன்னார். எழுதிப் பார்த்தபோது, தம்பி மீது காட்டிய கோபத்தில் பெரும்பகுதி, வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் அப்பா பிழைத்திருப்பாரோ என்ற குற்றவுணர்வுதான் என்பது தெரிந்தது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஊரே அலைந்த அந்த வாரத்தில் எனக்குத் தெரிந்திருந்தவை எவை, பிறகு தெரிந்துகொண்டவை எவை என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுத வைத்தார். முடிவெடுத்தபோது கையில் இல்லாத தகவல்களை வைத்தே என்னை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அந்தத் தாளில் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால், தனியே எழுதியதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2022இல் தலைத்திவசத்துக்கு வந்த அத்தைகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தபோதுதான் நானும் வாய்விட்டு அழுதேன். நம் சாவு வீட்டுச் சடங்குகளை வெற்றுச் சம்பிரதாயம் என்று நினைத்திருந்த தம்பியும் அன்று இரவு வெகுநேரம் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், அன்றாட வாழ்வைக் குலைத்து ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கடுந்துக்கம் இப்போது சிகிச்சைக்குரிய நிலையாக இடம்பெற்றிருக்கிறது. இப்படித் தவிப்பவர்கள், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.