கல்லீரல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு

பிஎச்டிக்குக் கல்லீரல் புற்றுநோயை எடுக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மரபணுவில் வேலை செய்யலாம்?" என்பதுதான். மரபணு அப்புறம். ஒரு பொருள் கல்லீரலுக்குள் போய் என்னவாக மாறுகிறது என்பதை முதலில் படியுங்கள் என்பேன்.

அஃப்ளாடாக்சினிலிருந்து தொடங்கலாம். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது. அதன் நஞ்சுதான் இது. ஆனால் அஃப்ளாடாக்சின் பி1 அப்படியே டிஎன்ஏவைத் தொடுவதில்லை. கல்லீரலின் சைட்டோகுரோம் பி450 நொதிகள் அதை எளிதில் வினைபுரியும் எபாக்சைடாக மாற்றிய பிறகே டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினோடு ஒட்டிக்கொள்கிறது. 1991இல் சீனாவின் சிடோங் பகுதியிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் எடுத்த கல்லீரல் கட்டிகளில், கட்டி வளர்வதைத் தடுக்கும் பி53 மரபணுவின் 249ஆம் கோடானில் (மூன்றெழுத்துத் தொகுதியில்) ஒரே மாதிரியான மாற்றத்தைக் கண்டார்கள். பிண்ணாக்கிலிருந்து ஒற்றை எழுத்துப் பிறழ்வு வரை போகிற இந்தச் சங்கிலியை நீங்களே தாளில் வரைய முடிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

இது வெறும் வரலாறு இல்லை, நாளைக்கே லேபில் தேவைப்படும். லேபில் வளர்க்கும் கல்லீரல் கட்டிச் செல் வகையான ஹெப்ஜி2வில் இந்த நொதிகள் மிகக் குறைவு. அதில் அஃப்ளாடாக்சினைப் போட்டுவிட்டு "பெரிய பாதிப்பு இல்லை" என்று எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டிக்கொள்வீர்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் டிஎன்ஏவும் அந்தச் செல்களில் கிடையாது, ஹெப்3பி என்ற இன்னொரு செல் வகையில் உண்டு. கைடு கொடுத்த செல் என்பதற்காக வாங்கி வளர்க்காதீர்கள். கேள்விக்குப் பொருந்துகிறதா பாருங்கள்.

விலங்கு மாதிரிகளில் வரிசைதான் எல்லாம். 1971இல் பெரைனோ குழு எலிகளுக்கு அசிட்டைலமினோஃபுளோரீன் என்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருளைக் கொடுத்தது. கூடவே ஃபீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்தபோது கட்டிகள் குறைந்தன. அதே மருந்தைப் பின்னால் கொடுத்தபோது கூடின! தொடக்கம் (செல்லில் முதல் மாற்றம்), ஊக்குவிப்பு (மாறிய செல்லை வளரத் தூண்டுவது) என்ற இரண்டு கட்டங்களைக் கல்லீரலில் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. மூலக் கட்டுரையையே தேடிப் படியுங்கள், சுருக்கம் போதாது.

சுண்டெலியில் டிஇஎன் (டைஎத்தில்நைட்ரோசமீன் என்ற புற்றுநோய் உண்டாக்கும் பொருள்) மாதிரி என்றால் பிறந்து இரண்டு வாரமான ஆண் குட்டிக்கு ஒரே ஊசி. பிறகு கட்டிக்காக எட்டு, பத்து மாதம் காத்திருக்க வேண்டும். பெண் சுண்டெலிகளில் கட்டி குறைவாகவே வரும், இரண்டையும் கலந்து கணக்குப் போடாதீர்கள். எத்திக்ஸ் அனுமதிக்கு முதல் மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். காத்திருக்கும் மாதங்களில் பேத்தாலஜிஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்லைடு பாருங்கள். ஃபோகஸ் (மாறிய செல்களின் சிறு திட்டு) எது, அடினோமா (தீங்கற்ற கட்டி) எது, கார்சினோமா (புற்றுக்கட்டி) எது என்று கண் பழக நாளாகும். செல்களைத் தாங்கும் நுண்ணிழைகளைக் காட்டும் ரெட்டிக்குலின் சாயத்தில், கார்சினோமாவில் அந்த இழைவலை கலைந்திருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. அதை எந்தக் கிட்டும் கற்றுத்தராது.

எலியோடு நின்றுவிடவும் கூடாது. தைவானில் பீஸ்லி குழு 22,707 ஆண்களைப் பின்தொடர்ந்து 1981இல் வெளியிட்டதில், ஹெபடைட்டிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிட 223 மடங்கு. அங்கே 1984இல் அந்த வைரஸுக்கு எதிரான தடுப்பூசித் திட்டம் வந்தது, பிறகு குழந்தைகளிடம் இந்தப் புற்றுநோய் குறைந்தது. நேர்காணலில் "உங்கள் வேலையால் யாருக்குப் பயன்?" என்பார்கள். இந்தக் கதை தெரிந்தவருக்குத் தயக்கம் இருக்காது.

சரி, கடைசியாக ஒரு சின்ன விஷயம். விலங்குகளை அறுக்கும் நாளில் ஒவ்வொரு கல்லீரலிலும் ஒரு துண்டை ஃபார்மலினிலும் ஒரு துண்டை உறைநிலையிலும் கூடுதலாக எடுத்து வையுங்கள். மூன்றாம் ஆண்டில் உங்கள் கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் புதிதாக ஒரு புரதத்தைக் கேட்பார், அப்போது இன்னொரு பத்து மாதம் உங்களிடம் இருக்காது. திசுத் துண்டை வைக்கும் பிளாஸ்டிக் கேசட்டில் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். சாதாரணப் பேனா மை, திசுவைப் பதப்படுத்தும்போது பயன்படும் சைலீன் கரைப்பானில் போய்விடும்.