ஒருவழியாக வந்தது அந்த ஐரிஷ் ‘டி’

வந்துவிட்டது. ஐரிஷ் ஆக்சென்ட்டில் ‘பட்’, ‘ஹிட்’, ‘வாட்’ மாதிரி டி-யில் முடியும் சொற்களில் காற்றாகக் கசிகிறதே ஒரு டி, மொழியியல்காரர்கள் ‘ஸ்லிட் டி’ என்பது, என் வாயில் மாதக்கணக்காக ‘பஸ்’ என்றும் ‘பஷ்’ என்றும்தான் வந்துகொண்டிருந்தது. இந்த வாரம் பேசிப் பதிந்ததை ப்ராட் என்ற ஒலி ஆய்வு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். காதுக்கும் சரியாக இருந்தது, ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமும் அதையே சொன்னது. கூடவே பழகும் ஸ்காட்டிஷ் ஆக்சென்ட் பாதியில் நிற்கிறது, அதைப் பற்றிக் கீழே.

ஏன் ஐரிஷ் என்று கேட்பவர்களுக்கு: எது காதுக்கு இனிமையான ஆக்சென்ட் என்ற பேச்சு எங்கே வந்தாலும் அது மேலே இருக்கும். பிபிசிக்காக நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், அதன் முடிவுகள் 2007-ல் வெளிவந்தன, ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 34 ஆக்சென்ட்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். தெற்கு அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் நல்ல இடத்தில், பர்மிங்காம் அடிமட்டத்தில். ஆனால் அவர்களுக்கு எந்தக் குரலையும் போட்டுக் காட்டவில்லை, ஆக்சென்ட்டின் பெயரை மட்டும் கொடுத்து மதிப்பெண் கேட்டார்கள்! பெயரைப் பார்த்து மனசு சொன்னது அது, காது சொன்னது இல்லை. எனக்குக் காது என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும். நானே பேசிப் பழக ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம்.

தமிழ் வாய்க்கு ஐரிஷ் பாதி இலவசம். பல்லில் நாக்கு முட்டுகிற நம் த அப்படியே போதும், ‘திங்க்’குக்குப் ‘பத்து’வில் வரும் த, ‘திஸ்’ஸுக்குப் ‘பந்து’வில் வரும் த, நிறைய ஐரிஷ்காரர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள். சொல்லின் கடைசியில் வரும் எல்-லும் பழைய பாணி ஐரிஷில் நம் ‘ல்’ போலத் தெளிவாகவே இருக்கும், லண்டன்காரர்கள் போல அடித்தொண்டைக்கு இழுக்க வேண்டாம். ‘கார்’, ‘ஹார்ட்’ எல்லாவற்றிலும் ஆர்-ஐ விடாமல் சொல்ல வேண்டும், அது நாக்கை உருட்டும் ஆர் இல்லை, அவ்வளவுதான். இதெல்லாம் சீக்கிரம் பிடிபடும்.

பிடிபடாதது டி. நாம் ஆங்கில டி-க்கு நாக்கை மடித்து ‘ட’ போடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த ஒலி பிறக்கும் இடம் அது இல்லை, மேல் பல்லுக்குப் பின்னால் ஈறு மேடாக இருக்கிறதே, அங்கே. அந்த இடம் தமிழுக்குப் புதுசும் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் ‘வெற்றி’, ‘காற்று’ சொல்லும்போது நாக்கு சரியாக அங்கேதான் ஒட்டுகிறது. அதனால்தான் அவர்கள் ‘கிரிக்கெற்’, ‘மார்க்கெற்’ என்று ற் போட்டு எழுதுகிறார்கள், என் கணக்கில் ஆங்கில டி-க்கு நம் எழுத்தில் அதைவிடச் சரியான வடிவம் கிடையாது. ஆக முதல் வேலை, ‘ட்’டை மறந்து ‘ற்’றுக்குப் போவது. ஈழத்துப் பேச்சு பழகிய காது இருந்தால் பாதித் தூரம் மிச்சம்.

அடுத்ததுதான் கழுத்தை அறுத்த கட்டம். ஸ்லிட் டி-யில் நாக்கு அந்த மேட்டைத் தொடவே கூடாது. தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்பே நிற்க வேண்டும், கதவைச் சாத்தப் போய்க் கீற்றளவு விட்ட மாதிரி. அந்தக் கீற்றில் காற்று கசியும். சொல்ல எளிது, ஆனால் நாக்கு அங்கே போனவுடன் நடுவில் தானாகப் பள்ளம் விழுகிறது, காற்று அந்தப் பள்ளத்தில் பாய்ந்து மேல் பல்லில் மோதி ‘ஸ்’ ஆகிவிடுகிறது. பள்ளத்தைத் தவிர்க்க நாக்கைச் சற்றுப் பின்னே இழுத்தால் ‘ஷ்’. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு வெகுநாள் போனது. ‘ஹிட்’ சொன்னால் ‘ஹிஸ்’, ‘ஹாட்’ சொன்னால் ‘ஹாஷ்’. ஐரிஷ்காரர்கள் வாயில் இவை ஒன்றோடொன்று கலப்பதே இல்லை, அந்த வேறுபாடு இல்லாவிட்டால் பொருளே மாறிவிடும்.

தீர்வு நாக்கில் இல்லை, தாடையில் இருந்தது! ‘ஸ்’ கூர்மையாக வருவதற்கு மேல், கீழ்ப் பற்கள் கிட்டத்தட்ட ஒன்றை ஒன்று தொடும் நெருக்கம் வேண்டும். சுண்டுவிரல் நுனியைக் கடைவாயோரம் பற்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ‘ஸ்’ சொல்லிப் பாருங்கள், சீறல் பாதியாகக் குறையும். நான் செய்தது இதுதான்: விரல் நுனி அளவு தாடையை இறக்கி, ‘வெற்றி’யை மெதுவாகச் சொல்லி, ‘ற்’றில் நாக்கு ஒட்டியிருக்கும்போது அப்படியே நிறுத்தி, நாக்கின் ஓரங்களைக் கடைவாய்ப் பற்களில் அழுத்தியபடி நுனியை மட்டும் தட்டையாக இறக்கினேன். முதலில் குரல் இல்லாமல், வெறும் மூச்சில். மூச்சு பரவலாக, சீறாமல் வந்தால் சரி. அப்புறம் ‘பட்’, அதற்கப்புறம் ‘பட் ஐ’, கடைசியில் ‘இட்டலி’, இத்தாலி நாட்டின் ஆங்கிலப் பெயர், நடுவில் டி இருப்பதால் நல்ல பயிற்சிச் சொல். டி-க்கு முன்னால் உயிரொலி இருந்து, டி-யோடு சொல் முடிந்தாலோ அடுத்து இன்னொரு உயிர் வந்தாலோதான் இந்தக் கசிவு. ‘டென்’, ‘ஸ்டாப்’ போன்றவற்றில் போடாதீர்கள், அங்கே முழு டி. எல்லா இடத்திலும் கசியவிட்டால் நாடகத்து ஐரிஷ் ஆகிவிடும், கேட்க ரொம்பக் கொடுமை.

கருவி பற்றி ஒரு புலம்பல். போனில் குரல் செய்தியாகப் பதிந்து சோதிக்கவே வேண்டாம். இரைச்சல் குறைக்கும் வேலையை அது தானாகச் செய்கிறது, நாம் பாடுபட்டு வரவழைக்கும் இந்த மெல்லிய உரசலை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. சாதாரண யூஎஸ்பி மைக் போதும், வேவ் கோப்பாக 44.1 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ப்ராட் இலவசம், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பூர்ஸ்மாவும் வீனிங்கும் எழுதியது, முகப்பு பழசாக இருந்தாலும் நான் மாற்ற மாட்டேன். ‘ஸ்’ படத்தில் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே கறுப்பாகத் திரண்டு நிற்கும். சரியான ஸ்லிட் டி வெளிறிப் போய், பரந்து கிடக்கும். காது குழம்பும்போது அந்தப் படம்தான் வழிகாட்டி.

மாதிரிக் குரல்களுக்கு ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீச் ஆக்சென்ட் ஆர்க்கைவ் நல்ல இடம். எல்லோரும் ஒரே பத்தியை வாசிப்பதால் ஒப்பிட வசதி. ஆனால் ‘ப்ளீஸ் கால் ஸ்டெல்லா’ என்று தொடங்கும் அந்தப் பத்தி த-வுக்கு விருந்து, ஸ்லிட் டி-க்குப் பட்டினி. முழுப் பத்தியிலும் உருப்படியாகக் கிடைப்பது ‘மீட் ஹெர்’ என்ற இடத்து டி ஒன்றுதான், ‘அட் த’-வில் அடுத்து வரும் த அதை விழுங்கிவிடுகிறது. அந்த ‘மீட்’டை ஒவ்வொரு அயர்லாந்துக் குரலிலும் வெட்டி எடுத்து வரிசையாகக் கேட்டேன். இதற்கு ஐடியா எனப்படும் ஆங்கில வழக்குகள் காப்பகம் மேல், வாசிப்போடு தங்கள் வாழ்க்கையைப் பற்றித் தாங்களே பேசுவதும் அதில் இருக்கிறது.

காது என்ன சொல்கிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஒரே பத்தியை ஐரிஷ், லண்டன், என் சொந்த ஆக்சென்ட் மூன்றிலும் பேசிப் பதிந்து, எது எது என்று சொல்லாமல் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன். 1960-ல் உளவியலாளர் லாம்பர்ட் கனடாவின் மான்ட்ரியலில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் பேசுபவர்களை வைத்துச் செய்த சோதனையின் வழிதான், அதில் ஒரே ஆளின் ஆங்கிலக் குரலுக்குப் பிரெஞ்சுக் குரலைவிட நல்ல மதிப்பு கிடைத்தது, கேட்டவர்களில் பிரெஞ்சு பேசும் கனடாக்காரர்களே அப்படிப் போட்டார்கள். எனக்குக் கிடைத்தது என்னவென்றால், ஐரிஷ் என்று கண்டுபிடித்தவர்கள் அதைக் கொண்டாடினார்கள், கண்டுபிடிக்காதவர்களுக்கு மூன்றும் ஒன்றுதான். ஆக்சென்ட் பற்றி ஆராய்ந்த ஹவர்ட் ஜைல்ஸ் குழு 1974-ல் கிரேக்கம் தெரியாத பிரிட்டிஷ்காரர்களுக்கு ஏதென்ஸ் பேச்சையும் கிரீட் தீவுப் பேச்சையும் போட்டபோதும் இப்படித்தான், கிரேக்கர்கள் மதிக்கும் ஏதென்ஸ் பேச்சை அவர்கள் உயர்த்திப் பிடிக்கவில்லை. ஒலிக்கு என்று தனி அழகு இல்லை, அந்த ஊரையும் மனிதர்களையும் பற்றி நமக்குள் இருப்பதுதான் இனிமையாகக் கேட்கிறது என்ற கட்சிக்கு நான் முழுக்க வந்துவிட்டேன். பர்மிங்காம் பேச்சை நேரில் கேட்டுப் பழகியவர்கள் யாராவது அதை ஏன் அசிங்கம் என்கிறார்கள் என்று ஒலியை வைத்தே விளக்க முடிந்தால் சொல்லுங்கள், எனக்கு அதில் ஒரு குறையும் கேட்கவில்லை.

ஸ்காட்டிஷ் நிற்கும் இடம் குறில் நெடில். குஞ்சுக் கூட்டத்தைச் சொல்லும் ‘ப்ரூட்’ (brood), காய்ச்சி முடித்ததைச் சொல்லும் ‘ப்ரூட்’ (brewed) மாதிரி இரண்டு சொற்களை, இரண்டாவதில் டபிள்யூ எழுத்தில் மட்டும், ஒலிக்காது, மற்ற ஊரில் பெரும்பாலும் ஒரே மாதிரிச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் முதலாவதற்குக் குறுகிய உயிர், இறந்தகால வடிவத்துக்கு நீண்ட உயிர். குறில் நெடிலில் வளர்ந்த நமக்கு நீட்டுவது பிரச்சினையே இல்லை, எங்கே நீட்டுவது என்பதைப் பழக வேண்டும். அதற்குத் தனிச் சொல்பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன் ஐரிஷில் ஒன்று பாக்கி. தனிச் சொல்லில் வந்த டி, வேகமாகப் பேசும்போது, அதுவும் ‘தட் இட் இஸ்’ போல இரண்டு டி அடுத்தடுத்து வந்தால், முதல் டி கசிந்து இரண்டாவது பழையபடி ஒட்டிக்கொள்கிறது. இந்த மூன்று சொல்லையே மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டிப் பதிந்துகொண்டிருக்கிறேன். யாருக்காவது இது கைவந்திருந்தால், தாடையை இரண்டாவது டி வரை இறக்கியே வைத்திருக்கிறீர்களா, இல்லை நடுவில் மூடுகிறீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்.