சோதினையில் தவறிய டெரிப் பொடியன்

நம் பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது 1980ஆம் ஆண்டு ஸ்கொலசிப் (புலமைப்பரிசில்) சோதினை ரிசல்ட் வந்த காலைதான். பாஸ் பண்ணியவர்களின் பெயர்களை அசெம்பிளியில் வாசித்தார்கள், என் பெயர் இல்லை. அடுத்த வருடம் என்னை சி வகுப்பில் போட்டார்கள். பத்து வயதில் அது எப்படிப்பட்ட அடி என்று நம் பட்ச்சில் பலருக்குத் தெரியும். அதே அடியை வாங்கிய இன்னொருவர், வட அயர்லாந்தின் டெரி நகரில் பிறந்த மார்ட்டின் மக்கின்னஸ், அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அந்த சி வகுப்பில்தான் அயர்லாந்து எனக்கு அறிமுகமானது. 1981 மே மாதம், அயர்லாந்திலிருந்து பிரிட்டனை வெளியேற்ற ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் பொபி சான்ட்ஸ் சிறையில் 66 நாள் உண்ணாவிரதம் இருந்து இறந்த செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டு வந்த சரித்திர சேர், கரும்பலகையில் அந்தத் தீவைக் கீறி, வடக்கே பிரிட்டன் வைத்திருக்கிற ஆறு மாவட்டங்களைச் சோக்கால் நிழலடித்துக் காட்டினார். புத்தகத்தில் இல்லாத பாடம், அதனால்தானோ என்னவோ இன்றுவரை மறக்கவில்லை.

பிறகு 2008இல் வேலை கிடைத்து நான் அந்த நிழலடித்த பகுதிக்கே போய்ச் சேர்ந்தேன், டெரி நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் நான்கு வருடம். கத்தோலிக்கர் அதை டெரி என்பார்கள், புரட்டஸ்தாந்தினரில் பலர் லண்டன்டெரி என்பார்கள், ஊரின் பெயரைச் சொல்லும்போதே நீ எந்தப் பக்கம், அயர்லாந்தோடு சேர விரும்புகிறாயா பிரிட்டனோடு இருக்க விரும்புகிறாயா என்று தெரிந்துவிடும். மார்ட்டின் மக்கின்னஸ் அப்போது வட அயர்லாந்தின் துணை முதல் அமைச்சர்.

அவர் 1950இல் அதே ஊரின் பொக்சைட் பகுதியில், ஒரு ஏழைக் கத்தோலிக்கக் குடும்பத்தில், ஏழு பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தவர். பதினொரு வயதில் 'லெவன் பிளஸ்' சோதினை எழுதித் தவறினார். அது நம் ஸ்கொலசிப் மாதிரித்தான், ஆனால் இன்னும் கொடியது, பாஸ் பண்ணினால் கிராமர் ஸ்கூல், இல்லையென்றால் சாதாரணப் பள்ளிக்கூடம் அல்லது தொழில் பழகும் பள்ளிக்கூடம். 15 வயதில் படிப்பை விட்டுவிட்டு ஒரு கராஜில் வேலை கேட்டுப் போனபோது, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார்களாம். பெயரைச் சொன்னதும் கத்தோலிக்கன் என்று தெரிந்து, நேர்முகம் அத்தோடு முடிந்தது. கடைசியில் இறைச்சிக் கடையில் உதவியாளானார்.

1968 அக்டோபரில் டெரியில் சம உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் பொலிஸ் அடித்து நொறுக்கியது, அடுத்த ஆகஸ்டில் பொக்சைட்டில் மூன்று நாள் கலவரம், பிறகு பிரிட்டிஷ் ராணுவம் வந்தது. இறைச்சிக் கடைப் பொடியன் ஐ.ஆர்.ஏ.யில் சேர்ந்தான். 1972 ஜனவரி 30, ராணுவம் ஊர்வலத்தில் 13 பேரைச் சுட்டுக் கொன்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, டெரியில் இயக்கத்தின் இரண்டாம் ஆள் அவர், வயது 21. அதே வருடம் ஜூலையில் லண்டனுக்கு ரகசியமாகக் கூட்டிப்போய் பிரிட்டிஷ் அமைச்சர் வைட்லோவோடு பேச்சுக்கு உட்கார வைத்தார்கள்.

இயக்கம் செய்ததை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத என்னால் முடியாது. 1987இல் எனிஸ்கிலனில் போரில் இறந்தவர்களை நினைவுகூரக் கூடியிருந்தவர்கள் மேல் குண்டு வைத்து 11 பேரைக் கொன்றார்கள். 1990இல் டெரியிலேயே, ராணுவ முகாமில் சமையல் வேலை பார்த்த ஒருவரின் குடும்பத்தைப் பணயமாகப் பிடித்து வைத்துக்கொண்டு, குண்டு ஏற்றிய வாகனத்தை அவரையே சோதனைச் சாவடிக்கு ஓட்ட வைத்தார்கள். அவரோடு 5 சிப்பாய்களும் இறந்தார்கள். மக்கின்னஸ் தான் 1974இலேயே இயக்கத்தை விட்டுவிட்டதாகச் சொன்னார். டெரியில் அதை நம்பிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ஆய்வுகூடத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த புரட்டஸ்தாந்துப் பெண்மணி அவர் பெயரை வாயால் சொல்லமாட்டா, 'அந்த ஆள்' என்பா.

அப்புறம் 1994இல் போர்நிறுத்தம், இடையில் அது முறிந்து 1997இல் மறுபடி, 1998இல் பெரிய வெள்ளி சமாதான ஒப்பந்தம். ஐ.ஆர்.ஏ.யின் அரசியல் முகமான ஷின் ஃபெய்ன் கட்சிக்காகப் பேச்சுவார்த்தையை முன்நின்று நடத்தியவர் அவர்தான். 1999 கடைசியில் அமைச்சுகளைப் பங்கிட்டபோது அவர் எடுத்தது கல்வி! சில பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியே வந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கதிரையில் இருந்து அவர் 2002இல் எடுத்த முடிவு, லெவன் பிளஸ்ஸை ஒழிப்பது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அசெம்பிளியில் நின்ற அந்தக் காலை அப்படியே திரும்பி வந்தது. பத்துப் பதினொரு வயதில் ஒரு பிள்ளையைத் தரம் பிரித்துத் தள்ளிவிடுவது பிழை என்று, தள்ளப்பட்ட ஒருவரே அமைச்சராக வந்து சொன்னார். அவர் செய்தவற்றில் நான் முழுமனதோடு கும்பிடுவது இதைத்தான்.

2006 ஜூலையில் அவர் கிளிநொச்சிக்குப் போய் விடுதலைப் புலிகளின் அரசியல் பொறுப்பாளர் தமிழ்ச்செல்வனைச் சந்தித்தபோது, பேச்சுவார்த்தையால் முடியும் என்று அனுபவத்தில் சொல்லக்கூடிய ஒருவர் நம் மண்ணுக்கு வந்திருக்கிறார் என்று எவ்வளவு நம்பினேன்! 2007 மே மாதம் அவர் தன் பரம எதிரியான புரட்டஸ்தாந்துத் தலைவர் இயன் பெய்ஸ்லியோடு சேர்ந்து ஆட்சியில் அமர்ந்தார். நவம்பரில் தமிழ்ச்செல்வன் விமானக் குண்டுவீச்சில் இறந்தார். அந்த வருடத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

2012இல் பெல்ஃபாஸ்டில் அவர் எலிசபெத் மகாராணியோடு கைகுலுக்கினார், 1979இல் மகாராணியின் உறவினர் மவுண்ட்பேட்டனைக் கொன்றது ஐ.ஆர்.ஏ. 'அந்த ஆள்' என்று சொல்லும் பெண்மணி அன்று டிவியைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தா. மக்கின்னஸ் மீன் பிடிப்பார், கிரிக்கெட் பார்ப்பார், அதையும் இந்த மலரில் சொல்லத்தானே வேண்டும்.

2017 மார்ச் 21ஆம் தேதி 66 வயதில் இறந்தார். செத்த வீட்டுக்கு லண்டனில் இருந்து போனேன். பெட்டியை பொக்சைட் தெருக்களின் வழியே தோளில் கொண்டுபோனார்கள். தகப்பனை ஐ.ஆர்.ஏ. சுட்டு, அவர் உயிர்தப்பிய குடும்பத்தில் பிறந்த, அப்போது பெய்ஸ்லியின் பழைய கட்சிக்குத் தலைவியான ஆர்லின் ஃபொஸ்டர் தேவாலயத்துக்குள் வந்தபோது உள்ளே இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஆய்வுகூடத்து என் பழைய சிநேகிதி, 'அந்த ஆள்' என்ற அந்தப் பெண்மணி, வரவில்லை, ஆனால் இரவு தங்க அவவின் வீட்டுக்குத்தான் போனேன்.

குசினி மேசையில் அவவின் பேத்தி, பத்து வயது, பயிற்சித் தாள் செய்துகொண்டிருந்தாள். அரசாங்கம் லெவன் பிளஸ்ஸைக் கடைசியாக வைத்தது 2008இல், அதற்குப் பிறகு கிராமர் ஸ்கூல்கள் தாங்களே வேறு சோதினை வைக்கத் தொடங்கிவிட்டன. பிள்ளை ஒரு பின்னக் கணக்கில் மாட்டிக்கொண்டு பென்சிலைக் கடித்தபடி இருந்தாள். நான் கோட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் சேர் சொல்லித் தந்த மாதிரி ஒரு வட்டத்தைக் கீறி எட்டாகப் பிரித்தேன்.