மண்ணெண்ணெய் மணந்த வைன்

கொழும்பில் ஒரு ஹோட்டலின் உணவறையில் ஸ்டுவர்டாக வேலை செய்கிறேன். வைன் பரிமாறும் பிரிவுக்கு மாற வேண்டுமானால் உள்ளகத் தேர்வு ஒன்று உண்டு. பெயர் மறைத்த ஆறு கிளாஸ்களை வைப்பார்கள். எது எந்தத் திராட்சை என்று மணத்தையும் சுவையையும் கொண்டு சொல்ல வேண்டும். நான்கு சரியென்றால் தேர்ச்சி. முதல் தடவை எனக்கு ஒன்றுதான் சரிவந்தது. அதுவும் குருட்டாம்போக்கில்.

என் மூக்கில் பிழையில்லை என்று இப்போது துணிந்து சொல்வேன். படிக்கத் தந்த ஆங்கிலப் புத்தகத்தில் பிளாக் கரன்ட், எல்டர் பூ, கூஸ்பெரி என்று பக்கம் பக்கமாக இருந்தது. வன்னியில், ஒட்டுசுட்டானில் பிறந்தவன் இவற்றை எங்கே முகர்ந்திருப்பான்? அகராதி கூஸ்பெரியை நெல்லிக்காய் என்றது. அதை நம்பி, கூஸ்பெரி மணக்கும் என்று புத்தகம் சொன்ன சொவின்யோன் பிளாங் என்ற வெள்ளை வைன் கிளாஸுக்குள் இரண்டு வாரம் நெல்லிக்காயைத் தேடினேன். ஐரோப்பாக்காரரின் கூஸ்பெரி வேறு செடி, நம்முடைய நெல்லி வேறு மரம் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆடி மாதம் பத்து நாள் லீவில் ஊருக்குப் போனேன். வைனுக்கு அங்கே எங்கே போவது? தவறணையில் கள்தான் கிடைக்கும். ஆகவே மணங்களை மட்டும் பழகுவது என்று முடிவெடுத்தேன். வெறும் ஜாம் போத்தல்களைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளைப் போட்டு மூடினேன். தங்கை ஒன்றொன்றாக நீட்டுவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். நீண்ட மூச்சாக இழுத்தால் மூக்கு உடனே களைத்துவிடும். இரண்டு சிறு முகர்வு, பிறகு சொந்தச் சட்டைக் கையை ஒரு தரம் முகர்வது. அதற்குமேல் வேண்டியதில்லை.

முதல் போத்தலில் கீறிய பச்சைக் கறிமிளகாய். சொவின்யோன் பிளாங்கிலும் கபர்னே சொவின்யோனிலும் அந்த மணம் உண்டு. மூன்றிலும் இருப்பது பைரசீன் வகைச் சேர்மம். முதல் தேர்வில் வெள்ளை வைனிலும் சிவப்பு வைனிலும் ஒரே மணம் வருகிறதே, மூக்கு கெட்டுவிட்டதோ என்று பயந்திருந்தேன். காரணம் குடும்பச் சாயல். கபர்னே சொவின்யோன், கபர்னே பிராங்குக்கும் சொவின்யோன் பிளாங்குக்கும் பிறந்த பிள்ளை என்று 1997இல் மரபணுச் சோதனை காட்டியிருக்கிறது. பிளாக் கரன்டுக்குப் பதிலாக நாவல்பழத்தை வைத்துக்கொண்டேன். மணம் ஒன்றல்ல, ஆனால் நாக்கையும் முரசையும் வரளவைக்கும் அந்தப் பிடிப்பு கபர்னேயின் தனினை, அதாவது அதன் துவர்ப்புப் பொருளை, நன்றாகவே நினைவூட்டியது.

ஷிராஸ் என்ற சிவப்பு வைனுக்கு இடித்த மிளகு. ரொட்டண்டோன் என்ற ஒரே சேர்மம்தான் இரண்டிலும் என்று 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது மணப்பதே இல்லையாம். "மிளகா? எங்கே மிளகு?" என்று என்னோடு சண்டை பிடித்த சக ஊழியனை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். கெவூர்ட்ஸ்ட்ரமினருக்குப் புத்தகம் ரோஜாவையும் லைச்சியையும் சொன்னது. எனக்குக் கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கும் பன்னீர் போதுமாக இருந்தது.

கடைசிப் போத்தலைத் திறந்த அம்மா திகைத்துப்போனார். "இதை ஏன் தம்பி முகர்கிறாய்? படிக்கிற காலத்தில் முகர்ந்தது போதாதா?"

உள்ளே மண்ணெண்ணெய். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னியில் அது தங்கம். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனையக் கொஞ்சம் எண்ணெய், மேலே ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் வாய்ப்பாடு பாடமாக்கினேன். காலையில் மூக்கைத் துடைத்தால் கரி வரும். ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் முதிர்ந்தால் அதில் அதே வாடை இருக்கிறது. பழத்தில் வெயில் கூடப் பட்டால், போத்தலில் ஆண்டுகள் கூடினால், வாடையும் கூடும். புத்தகம் அதைப் பெட்ரோல் என்கிறது. பெட்ரோலை நாங்கள் எங்கே கண்டோம்? மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில்தான் ஓடியது.

இரண்டாவது தேர்வில் மூன்றாம் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோகும் முன்பே விடை வந்துவிட்டது. ரீஸ்லிங், சொவின்யோன் பிளாங், ஷிராஸ், கெவூர்ட்ஸ்ட்ரமினர் நான்கும் சரி. மெர்லோவைக் கபர்னே என்றேன். நாக்கில் பிடிப்பு குறைவாக இருந்ததை அவசரத்தில் கவனிக்கவில்லை. ஷார்டனேயையும் விட்டுவிட்டேன். மரப்பீப்பாயில் வைக்காத ஷார்டனேக்குத் தனக்கென்று உரத்த மணம் கிடையாது. அதற்கு எந்தப் போத்தலை அடைப்பது?

இப்போது வைன் பிரிவில்தான் நிற்கிறேன். ரீஸ்லிங் ஊற்றும்போது விருந்தினர் மணத்தைக் கேட்டால் தேசிக்காய், தேன் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டும் அதில் உண்மையாகவே இருக்கின்றன. மண்ணெண்ணெய் என்று சொன்னால் போத்தலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.