தேய்ந்துபோன ஓர் எழுத்து

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு மிக்சி ஜாருக்கு மூடி தேடிப் போன நான், ஒரு பழைய மாண்டலினைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

எட்டுத் தந்திகளில் மூன்றைக் காணவில்லை. ஆனால் தலைப்பகுதியில் ஒரு பெயர் இருந்தது. ஆங்கிலத்தில் ஜி, ஐ தெரிந்தன. கடைசியில் எஸ், ஓ, என் தெரிந்தன. நடுவே ஓர் எழுத்து தேய்ந்துபோயிருந்தது. அந்த இடத்தில் 'பி'யைக் கொண்டுவந்து வைக்க எனக்கு அரை நொடிகூடத் தேவைப்படவில்லை. கிப்சன்! முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், 1,200 ரூபாயில் நூறு குறைக்கச் சொன்னேன். கடைக்காரர் உடனே குறைத்தார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அன்றிரவு தூக்கம் போயிற்று. அமெரிக்காவில் கலமசூ என்னும் ஊரில் 1902இல் தொடங்கிய இசைக்கருவி நிறுவனம் அது. 1922 முதல் 1924 வரை அங்கே வடிவமைப்பாளராக இருந்த லாயிட் லோர் என்பவர் கையெழுத்திட்ட எஃப்-5 ரக மாண்டலின்கள் இன்று லட்சம் டாலரைத் தாண்டி விலைபோகின்றன. அவற்றில் ஒன்று, புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புற இசையின் தந்தை பில் மன்றோவுக்கு ஃபுளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் கிடைத்ததாம். அங்கே கிடைக்கும் என்றால் பல்லாவரத்தில் கிடைக்காதா?

எஃப்-5 உடலின் ஒரு பக்கம் சங்கு போலச் சுருண்டிருக்கும். என்னுடையது பூசணி விதை மாதிரி மொழுமொழுவென்று இருந்தது. சரி, இது கிப்சனின் சுருளில்லாத 'ஏ' வகையாக இருக்கும் என்று மதிப்பில் சில லட்சங்களைக் குறைத்துக்கொண்டேன். நான் ஒன்றும் பேராசைக்காரன் அல்லன். பழைய கிப்சன்களில் 'தி கிப்சன்' என்றுதான் பொறித்திருப்பார்கள் என்றும் படித்தேன். 'தி'யும் தேய்ந்திருக்கும்.

காலையில், துளைக்குள் ஒட்டியிருந்த லேபிளைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைத்துக்கொண்டிருந்தேன். தபால் அலுவலகத்துக்குக் கிளம்பிய மனைவி, செல்போன் விளக்கை அடித்து எட்டிப் பார்த்தாள்.

"உங்கள் அமெரிக்காவுக்குப் பின்கோடு 700இல் தொடங்குகிறதே! அது கல்கத்தா."

நான் பேசவில்லை. அவளோ நிறுத்தவில்லை.

"ஆறு இலக்கம் இருக்கிறது. பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15இல்தான். ஊர்ப் பெயர் கல்கத்தா என்று அச்சாகியிருக்கிறது. 2001இல் அது கொல்கத்தா ஆகிவிட்டது. ஆக, இந்த இடைவெளியில் எப்போதோ செய்திருக்கிறார்கள். அப்புறம், அந்த எழுத்து 'பி' இல்லை, 'வி'."

நூறு வருடப் பழமை இரண்டு நிமிடத்தில் பாதிக்கும் கீழே போய்விட்டது. இருபத்தைந்து வருடமாகக் கடிதம் பிரிக்கிறவள் முன்னால் எந்த நிபுணர் நிற்க முடியும்?

புதுத் தந்திகள் மாட்டினேன். கல்கத்தா மாண்டலின் கணீரென்றுதான் பேசியது. கழுத்தின் அழுக்கைத் துடைத்தபோது, குறுக்கே பதித்த மெட்டுக் கம்பிகளின் ஓரத்தில் வரிசையாகப் பொடிப்பொடிக் காகிதங்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் தமிழில் ஒரு ஸ்வரம். மாண்டலின் சீனிவாஸ் சிறுவனாக மேடையேறிய எண்பதுகளில், எந்த வீட்டுப் பிள்ளையை உட்காரவைத்து ஒட்டினார்களோ! ச, ரி, க, ம வரை தெளிவாக இருந்தன. அடுத்தது தேய்ந்திருந்தது. அதற்கடுத்து த, நி.

நான் எதையும் ஊகிக்கவில்லை. மனைவி வரட்டும் என்று காத்திருந்தேன்.