நான்காவதும் நான்காக்குவதும்

‘ஆறாவது பாடம்’ என்பதை அரபு மொழியில் எழுதச் சொன்னபோது நான் எழுதிய சொல், அந்த மொழியிலேயே இல்லாத ஒரு சொல். ஐந்துக்குக் ‘கம்ஸா’, ஐந்தாவதுக்குக் ‘காமிஸ்’ என்று படித்திருந்தேன். ஆறுக்கு ‘ஸித்தா’ என்றால் ஆறாவதுக்கு ‘ஸாதித்’ என்றுதான் இருக்க வேண்டும் எனக் கணக்குப் போட்டு எழுதிவிட்டேன். ஆசிரியர் அதை ‘ஸாதிஸ்’ என்று திருத்திவிட்டு, “நீங்கள் பின்பற்றிய விதி சரிதான், ஆறு என்ற சொல்தான் உங்களை ஏமாற்றிவிட்டது” என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் பொருளை முழுமையாக விளங்கிக்கொள்ள எனக்குச் சில வாரங்கள் ஆயின.

எழுத்துப்பெயர்ப்பைப் பற்றி முதலில் ஒரு சொல். நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்து ஒலிக்கும் அரபு எழுத்துக்கும், தொண்டையின் அடியிலிருந்து எழும் ‘ஐன்’ என்ற எழுத்துக்கும் தமிழில் நேரான எழுத்து இல்லை. முன்னதை இங்கே ‘ஸ’ என்றும், சொல்லின் இறுதியில் வரும் ஐனை ‘உ’ என்றும் எழுதுகிறேன். ‘ரபீஉல் அவ்வல்’ என்று தமிழில் எழுதிப் பழகிய முறையே இது.

அரபுச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்களால் ஆன வேரிலிருந்து கிளைப்பவை. அந்த வேரை ஓர் அச்சில் வார்த்தால் ஒரு பொருளும், வேறோர் அச்சில் வார்த்தால் வேறொரு பொருளும் கிடைக்கும். இரண்டு முதல் பத்து வரையிலான வரிசை எண்ணுப்பெயர்கள் அனைத்தும் ‘ஃபாஇல்’ என்ற ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை: ஸானி, ஸாலிஸ், ராபிஉ, காமிஸ், ஸாதிஸ், ஸாபிஉ, ஸாமின், தாஸிஉ, ஆஷிர். முதல் மெய்க்குப் பின் நெடில் ‘ஆ’, இரண்டாம் மெய்க்குப் பின் குறில் ‘இ’, அவ்வளவுதான். ஒன்பது சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, வேர் தெரிந்தால் போதும். ஆனால் வேர் தெரிந்திருக்க வேண்டும், நான் வழுக்கி விழுந்ததும் அங்கேதான். ஆறின் உண்மையான வேர் ஸீன், தால், ஸீன் என்ற மூன்று எழுத்துகள். எண்ணுப்பெயரில் இறுதி இரண்டு மெய்களும் ஒன்றோடொன்று உரசி, மருவி, இரட்டைத் தகரமாகி ‘ஸித்தா’ என்று நிற்கின்றன. ‘ஆறாவது’ என்று சொல்லும்போதும், ஆறில் ஒரு பங்கைக் குறிக்கும் ‘ஸுதுஸ்’ என்ற சொல்லிலும் பழைய வேர் சிதையாமல் வெளிப்படுகிறது. எளிய எண் தேய்ந்து போயிருக்க, அதிலிருந்து பிறந்த சொல் மூலத்தைக் காத்து வைத்திருப்பது எனக்கு வியப்பாக இருந்தது.

இவற்றைவிட என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது, ‘ஃபாஇல்’ என்ற அந்த அச்சின் பெயரே. அச்சொல்லின் பொருள் ‘செய்பவர்’. எழுதுபவரைக் குறிக்கும் ‘காதிப்’, அறிந்தவரைக் குறிக்கும் ‘ஆலிம்’ ஆகியவை வார்க்கப்பட்ட அதே அச்சில்தான் ‘ராபிஉ’ என்பதும் வார்க்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் நான்காவது ஆள் என்ன செய்கிறார்? மூவராக இருந்தவர்களை நால்வராக்குகிறார். இது என் கற்பனை அன்று. ‘அவர்களோடு சேர்ந்து அவர்களை நால்வராக்கினான்’ என்ற பொருளில் அதே வேரிலிருந்து ஒரு வினைச்சொல்லும் அரபு அகராதிகளில் உண்டு. அரபு இலக்கணிகள் இங்கே நுட்பமான ஒரு வேறுபாட்டையும் காட்டுகிறார்கள். ‘மூன்றின் மூன்றாவது’ என்று ஒரே எண்ணின் இரு வடிவங்களையும் சேர்த்துச் சொன்னால், மூவரில் ஒருவர் என்பது மட்டுமே பொருள். ‘மூன்றின் நான்காவது’ என்று ஓர் எண் குறைத்துச் சொன்னால், மூன்றை நான்காக்கியவர் என்று பொருள்.

குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. குகையில் உறங்கிய இளைஞர்கள் எத்தனை பேர் என்று மக்கள் சொல்லும் ஊகங்கள் அதில் வரிசையாக வருகின்றன: ‘ஸலாஸத்துன் ராபிஉஹும் கல்புஹும்’, அதாவது ‘மூவர், அவர்களின் நான்காவது அவர்களுடைய நாய்’; அடுத்து ஐவரும் ஆறாவதாக நாயும்; அதற்கடுத்து எழுவரும் எட்டாவதாக நாயும். ஒவ்வொரு ஊகத்திலும் அந்த நாய்தான் வந்து சேர்ந்து எண்ணிக்கையை ஒன்று கூட்டுகிறது. ‘ஃபாஇல்’ அச்சின் பொருளை விளக்க இதைவிடப் பொருத்தமான வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதைப் படித்த பிறகுதான் நம் ‘ஆவது’ என்ற சொல்லை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன். மூன்றாவது என்பது மூன்றாக ஆவது. மூன்றாம் என்பதிலுள்ள ‘ஆம்’ என்பதும் ‘ஆகும்’ என்பதன் சுருக்கமே. இரு மொழிகளும் வரிசையைக் குறிக்க வினையைத்தான் நாடியிருக்கின்றன. தமிழில் அது ‘ஆதல்’, அரபியில் ‘ஆக்குதல்’. நாம் தன்வினையில் சொல்வதை அவர்கள் பிறவினையில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், அரபு வரிசை எண்ணுப்பெயர்கள் தமிழருக்கு அந்நியமாகத் தோன்றா.

பால் வேறுபாட்டில் அரபு எண்கள் கற்பவரை அலைக்கழிப்பவை என்பது அம்மொழியைத் தொட்ட அனைவருக்கும் தெரியும். மூன்று முதல் பத்து வரையிலான எண்ணுப்பெயர்கள், எண்ணப்படும் பொருள் ஆண்பாலானால் பெண்பால் விகுதி பெறும். பெண்பாலானால் அதை இழக்கும். மேலே சொன்ன வசனத்தில் இளைஞர்களைக் குறிக்கும் ‘ஸலாஸத்துன்’ பெண்பால் விகுதியோடு நிற்பது இதனால்தான். இந்தத் தலைகீழ் விதியைப் பெரும்பாடுபட்டுப் பழகியிருந்த நான், வரிசை எண்களையும் தலைகீழாகவே எழுதிக்கொண்டிருந்தேன். அவை அப்படி இல்லை. சாதாரணப் பெயரடைகளைப் போல ஆண்பாலுக்கு ஆண்பாலும் பெண்பாலுக்குப் பெண்பாலுமாக இணங்கி வருகின்றன. மூன்றாவது ஆண் ‘அஸ்ஸாலிஸ்’, மூன்றாவது பெண் ‘அஸ்ஸாலிஸா’. கடினமானதை முதலில் கற்றவனுக்கு எளியது பொறியாகிவிடுகிறது.

‘முதல்’ என்பதற்குரிய சொல் இந்த அச்சுக்குள் அடங்காது. ஆண்பாலுக்கு ‘அவ்வல்’, பெண்பாலுக்கு ‘ஊலா’. நாமும் ‘ஒன்றாவது’ என்பதைவிட ‘முதல்’ என்பதையே விரும்புகிறோம் அல்லவா? ஒப்புமை அத்தோடு முடியவில்லை. இருபத்தொன்று என்று வரும்போது நாம் ‘முதல்’ என்பதைக் கைவிட்டு ‘இருபத்தொன்றாவது’ என்று ஒன்றுக்கே திரும்பிவிடுகிறோம். அரபியிலும் பதினொன்றாவது, இருபத்தொன்றாவது ஆகியவற்றில் ‘அவ்வல்’ வருவதில்லை. ‘ஹாதி’ என்ற வேறொரு சொல் வருகிறது. ஒன்றைக் குறிக்கும் ‘வாஹித்’ என்பதன் எழுத்துகள் இடம் மாறி அமைந்ததே ‘ஹாதி’ என்பது இலக்கணிகள் தரும் விளக்கம்.

‘ஊலா’ என்ற பெண்பால் வடிவத்தைத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன். ஹிஜ்ரி ஆண்டின் மூன்றாம் மாதமான ரபீஉல் அவ்வலில் ‘ரபீஉ’ ஆண்பால், ஆகவே ‘அவ்வல்’ பொருந்துகிறது. ஐந்தாம் மாதமான ‘ஜுமாதா’ பெண்பாற்சொல். அரபு இலக்கணப்படி அது ‘ஜுமாதல் ஊலா’. ‘ஜமாதுல் அவ்வல்’ என்றே எழுதி நமக்குப் பழகிவிட்டது. பழகிய வடிவத்தைப் பிழை என்று திருத்தப் புறப்படுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் அரபு நூலொன்றில் ‘ஊலா’ என்று கண்டபோது அது வேறு மாதமோ என்று சில நிமிடங்கள் குழம்பியது உண்மை.

இவற்றை நாள்தோறும் பயன்படுத்த வைப்பது கடிகாரம். எழுத்து அரபியில் மணியைச் சொல்ல எண்ணுப்பெயர் உதவாது. ‘மூன்று மணி’ என்பதை ‘மூன்றாவது மணி’ என்றே சொல்ல வேண்டும். மணியைக் குறிக்கும் ‘ஸாஅத்’ பெண்பாலாதலால் இரண்டு மணி ‘அஸ்ஸாஅதுஸ் ஸானியா’, ஐந்து மணி ‘அஸ்ஸாஅதுல் காமிஸா’. விதியை நன்றாகப் பிடித்துக்கொண்ட பெருமிதத்தில் ஒரு மணியை ‘அஸ்ஸாஅதுல் ஊலா’ என்றேன். அது தவறு. ஒரு மணிக்கு மட்டும் எண்ணுப்பெயரே வரும்: ‘அஸ்ஸாஅதுல் வாஹிதா’. பேச்சு வழக்குகள் பலவற்றில் இந்தச் சிக்கலே இல்லை. அங்கே நம்மைப் போல நேரடியாக எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். இன்னொரு வேடிக்கை, நிமிடத்தை அறுபதாகப் பகுத்தால் கிடைக்கும் விநாடிக்கும் அரபியில் ‘ஸானியா’ என்றே பெயர். ஆகவே ‘இரண்டாவது’, ‘விநாடி’ இரண்டில் எது என்பதைச் சூழலைக் கொண்டுதான் அறிய வேண்டும்.

பெயர்களிலும் இவை வழங்குகின்றன. மொரோக்கோ மன்னர் ஆறாம் முஹம்மது அரபியில் ‘முஹம்மத் அஸ்ஸாதிஸ்’. தத்துவ மரபில் அரிஸ்டாட்டில் ‘முதல் ஆசிரியர்’ என்பதால், அல்ஃபாராபி ‘அல்முஅல்லிம் அஸ்ஸானி’, அதாவது இரண்டாம் ஆசிரியர். பஸ்ராவின் சூஃபித் துறவி ராபிஆ, நான்காவது மகளாகப் பிறந்ததால் அப்பெயர் பெற்றார் என்பது மரபுவழிக் கதை.

சுட்டிடைச்சொல்லான ‘அல்’ சேரும்போது ஒலி மாறுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் பத்தில் அவ்வல், காமிஸ், ஆஷிர் ஆகிய மூன்றுக்கு முன் மட்டுமே லகரம் முழுமையாக ஒலிக்கும். மற்ற ஏழிலும் அது அடுத்த எழுத்தோடு கரைந்து இரட்டித்துவிடும். இந்த மூன்றை மட்டும் நினைவில் வைத்தேன்.

சொல் வரிசையில் ஒரு சலுகை உண்டு. வரிசை எண்ணைப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வைத்தால் பால் இணங்க வேண்டும். ‘முதல் தடவை’ என்பது ‘அல்மர்ரத்துல் ஊலா’ ஆகும். முன்னால் வைத்துத் தொகையாக்கினால் ஆண்பால் வடிவமே போதும்; ‘மர்ரத்’ பெண்பாலாக இருந்தும் ‘அவ்வலு மர்ரத்தின்’ என்று சொல்லலாம். ஐயம் வரும்போதெல்லாம் இந்த இரண்டாம் வழியில் ஒதுங்கிக்கொள்கிறேன். ஆசிரியருக்கு இது தெரியும் என்றே நினைக்கிறேன்.

பதினொன்று முதல் பத்தொன்பது வரை இரு சொற்களும் பெயர்ச்சொல்லின் பாலுக்கு இணங்கும். இரண்டின் இறுதியும் வேற்றுமை எதுவாயினும் அகரத்திலேயே நிற்கும். பத்துகளுக்கு வந்தால் வரிசைக்கெனத் தனி வடிவமே இல்லை. இருபதும் இருபதாவதும் ‘இஷ்ரூன்’தான், ‘அல்’ சேர்வதைக் கொண்டும் இடத்தைக் கொண்டும் பொருள் கொள்கிறோம். நூறும் அப்படியே. நூற்று மூன்றாவது என்று சொல்ல வேண்டுமானால் ‘அஸ்ஸாலிஸ் பஅதல் மிஆ’, அதாவது ‘நூறுக்குப் பின் மூன்றாவது’ என்பார்கள். பத்தொன்பதுக்கு மேல் முழுப் பத்துகளில் யாரும் எதையும் ஆக்குவதில்லை. இருபத்தொன்றில் ‘ஹாதி’ வந்தவுடன் ஆக்குபவரும் திரும்பி வந்துவிடுகிறார்.